துவக்குக்கும் ஓர் இலக்கம் உண்டு

கவச வாகனங்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை எல்லாம் ஒன்றாகக் கட்டினால் பெரியதொரு நூலே தேறும். பீரங்கி எத்தனை மில்லிமீற்றர், இரும்பு எவ்வளவு தடிப்பு, எந்த நாட்டுத் தயாரிப்பு, எந்தச் சமரில் எத்தனை அழிந்தன என்று வரிசை பிசகாமல் ஒப்புவிக்கக்கூடிய வாசகர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வாகனத்தினுள் அமர்ந்திருந்தவனின் மடியில் கிடந்த துவக்கைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அது சிறிய விடயமாம். படைத்துறை மொழியிலும் அதன் பெயர் 'சிறிய ரக ஆயுதம்' என்பதுதானே!

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீடு வீடாக ஆண்டுத் திவசம் கொடுக்க வைத்தது பெரும்பாலும் அந்தச் சிறிய ஆயுதமே. வாகனம் வீதியில் நின்றது. அதிலிருந்து இறங்கிய துவக்குத்தான் படலையைத் திறந்துகொண்டு வளவுக்குள் வந்தது.

ஆகவே வாகனத்தை எண்ணுவதை விட்டுத் துவக்கை எண்ணுங்கள் என்கிறேன். ஆயுதப் பிரியர்களின் பொழுதுபோக்காக இதை நான் சொல்லவில்லை. ஒவ்வொரு துவக்கிலும் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த இலக்கத்துக்கு எதிரே ஒரு மனிதனின் கையெழுத்து இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்முடைய நீதிக் கோரிக்கைகள் எல்லாம் இந்தக் கையெழுத்தைத் தாண்டிக்கொண்டே போகின்றன.

முதலில் வாகனத்தைப் பார்ப்போம். எங்கள் பகுதியில் 'பவல்' என்றால் சிறுபிள்ளைக்கும் தெரியும். தென்னாபிரிக்க நிறவெறி அரசு 1970களில் நமீபிய எல்லைப் போருக்காக உருவாக்கிய வாகனம் அது. கண்ணிவெடியின் அழுத்தம் இருபுறமும் சிதறிப் போகும்படி அதன் அடிப்பாகம் 'வி' வடிவில் அமைந்தது. 1984 டிசெம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை தனது 558ஆம் இலக்கத் தீர்மானத்தில், தென்னாபிரிக்காவில் தயாராகும் ஆயுதங்களையும் இராணுவ வாகனங்களையும் வாங்க வேண்டாம் என்று உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 1980களின் நடுப்பகுதியில் இலங்கை இராணுவத்துக்குப் பவல் வந்து சேர்ந்தது. பின்னர் இராணுவப் பொறியியலாளர்களே அதைப் பார்த்து 'யுனிகோர்ன்', 'யுனிபவல்' என்று உள்நாட்டில் கட்டிக்கொண்டார்கள்.

பவலுக்குப் பீரங்கி கிடையாது. சிலவற்றில் ஓர் இயந்திரத் துப்பாக்கி பொருத்தப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பின்னால் கூரையில்லாத பெட்டியில் பத்துப் பேர் முதுகோடு முதுகு சாய்த்து, முகத்தை வீதியின் இரு பக்கங்களுக்கும் திருப்பி அமர்ந்திருப்பார்கள். இரும்புப் பக்கச் சுவரின் மேல் விளிம்பில் துவக்குகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். அதாவது, பவல் என்னும் கவச வாகனத்தின் உண்மையான சுடுவலு அந்தப் பத்துப் பேரின் கையில் இருந்த சிறிய ரக ஆயுதமே. வாகனம் அவர்களைக் காப்பாற்றும் ஓடு. கொல்லும் கருவி அவர்களுடைய கையில் இருந்தது.

அந்தத் துவக்குப் பெரும்பாலும் சீனத் தயாரிப்பான ரி-56. சோவியத் ஒன்றியத்தின் ஏகே-47ஐப் பின்பற்றி 1956 முதல் சீனா உற்பத்தி செய்தது. எடை ஏறத்தாழ 4 கிலோகிராம். தோட்டா 7.62 மில்லிமீற்றர். கூட்டில் 30 தோட்டாக்கள். ஒரு பவலில் இருக்கும் பத்துப் பேரும் கூடு மாற்றாமல் சுட்டால் 300 தோட்டாக்கள். ஒரு சிறு கிராமத்துக்கு அது போதும். இதைச் சொல்லப் படைத்துறை ஆய்வாளர் எவரும் தேவையில்லை, இரண்டாம் வகுப்புப் பெருக்கல் வாய்ப்பாடே போதும்.

கவச வாகனத்தின் உள்ளே நீண்ட துவக்கு ஓர் இடைஞ்சல். ஏறவும் இறங்கவும் திரும்பவும் தடுக்கும். எனவே உலகப் படைகள் எல்லாம் இதற்கென்று குறுகிய ஆயுதங்களைத் தேடின. அமெரிக்கத் தாங்கிப் படையினர் இரண்டாம் உலகப் போர்க்கால எம்-3 துணை இயந்திரத் துப்பாக்கியை 1990களின் தொடக்கம் வரையும் வைத்திருந்தனர். சோவியத் படை, வாகனச் சாரதிகளுக்கும் குழுவினருக்கும் என்றே ஏகே-74இன் குறுகிய வடிவத்தை 1970களின் இறுதியில் புகுத்தியது. சீனர்கள் ரி-56இன் பின்கட்டையை மடிக்கும்படி செய்தார்கள். பிஎம்பி-1 என்னும் சோவியத் கவச வாகனத்தில், இறங்காமல் உள்ளிருந்தே சுடுவதற்காகப் பக்கச் சுவர்களில் துளைகளே விடப்பட்டிருந்தன. இந்த வாகனமும் பின்னர் இலங்கைக்கு வந்தது.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? படைத்துறைப் பாடநூல்களின் பதில் ஒன்றே: தற்காப்புக்கு. வாகனம் அடிபட்டு நின்றுவிட்டால், உள்ளிருப்பவர்கள் வெளியே குதித்து, தங்களைத் தாக்குபவனைத் தடுத்து நிறுத்தி உயிர் தப்புவதற்கான கடைசி வழி அது. தாக்குபவனைத் தடுப்பதற்கு மட்டுமே அந்தத் துவக்கு. பக்கத்துக் கிராமத்துக்குப் போவதற்கு அதில் அனுமதி கிடையாது. இதை நான் சொல்லவில்லை, எந்த நாட்டு இராணுவச் சட்டமும் அதைத்தான் சொல்லும்.

அந்தத் தற்காப்பு எங்கே போய் முடிந்தது என்பதற்குச் சாட்சி மகிழடித்தீவு. 1991 ஜூன் 12ஆம் திகதி, மண்முனைத் துறைக்கு அருகே கண்ணிவெடியில் இரண்டு சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். வெடி வைத்தவர்கள் போய்விட்டார்கள். போகாமல் இருந்தவர்கள் கொக்கட்டிச்சோலைப் பகுதியின் மகிழடித்தீவு, முதலைக்குடா மக்கள். அரிசி ஆலையொன்றில் தஞ்சம் புகுந்தவர்களையும் படையினர் விட்டுவைக்கவில்லை. அரசாங்கம் நியமித்த ஜனாதிபதி ஆணைக்குழுவே விசாரித்து, 67 பேரின் மரணம் மோதலின் இடையே அகப்பட்டதால் நேர்ந்தது அல்ல, படையினர் வேண்டுமென்றே செய்த பழிவாங்கல் என்று முடிவு சொன்னது. புலிகளின் குரலும் அல்ல, புலம்பெயர்ந்தோரின் துண்டுப் பிரசுரமும் அல்ல. இலங்கை அரசின் ஆணைக்குழு சொன்னது.

பிறகு? இராணுவ நீதிமன்றம் கூடியது. சிப்பாய்கள் 19 பேர் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். கட்டளையிடும் பொறுப்பில் இருந்த அதிகாரி ஒருவர் மட்டும், தமது ஆட்களைக் கட்டுப்படுத்தத் தவறினார், சடலங்களைச் சட்டவிரோதமாக அகற்றினார் என்ற குற்றங்களுக்காகச் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். கணக்கைக் கூட்டிப் பாருங்கள். கொல்லப்பட்டவர்கள் 67. கட்டுப்படுத்தத் தவறியவர் ஒருவர். கொன்றவர் எவருமில்லை! துவக்குகள் தாமாகவே முகாமிலிருந்து எழுந்து நடந்து போய்ச் சுட்டுவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டன போலும்.

இங்கேதான் இலக்கம் வருகிறது. எந்த இராணுவ முகாமிலும் ஆயுதக் களஞ்சியம் ஒன்று உண்டு. எந்த இலக்கத் துவக்கு யாரிடம் இருக்கிறது, எத்தனை தோட்டா கொடுக்கப்பட்டது, எத்தனை திரும்பி வந்தது என்று எழுதி வைக்காமல் ஓர் இராணுவம் நடக்க முடியாது. ஒரு தோட்டா குறைந்தாலும் சிப்பாய் விளக்கம் சொல்ல வேண்டும் என்பது படையின் அன்றாட ஒழுங்கு. ரி-56இன் உடலில் தொழிற்சாலைக் குறியும் தொடர் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சுட்டபின் வெளியே விழும் தோட்டாக் கோதின் அடியில் தொழிற்சாலை இலக்கமும் தயாரித்த ஆண்டும் இருக்கும். அதன் மேல் அந்தக் குறிப்பிட்ட துவக்கின் ஊசி அடித்த தழும்பும் பதிந்திருக்கும். கண்கண்ட சாட்சியை மிரட்டலாம், வெளிநாட்டுக்கு அனுப்பலாம், காணாமற் போகச் செய்யலாம். பித்தளைக் கோதை மிரட்ட முடியாது.

அதை ஒளிக்கலாம், மாற்றலாம் என்பீர்கள். உண்மை. அதனால்தான் மூதூரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி, பட்டினிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேர் மூதூரில் தங்கள் அலுவலக வளவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். மீண்டும் நடந்த உடற்கூற்றுப் பரிசோதனையைப் பார்வையிட்ட அவுஸ்திரேலிய நிபுணர், எடுக்கப்பட்ட தோட்டாக்களில் ஒன்று 5.56 மில்லிமீற்றர் என்று முதலில் குறிப்பிட்டார். அரச பகுப்பாய்வாளரோ எல்லாமே 7.62 என்றார். சர்வதேச சட்டத்தரணிகள் அமைப்பு சந்தேகம் எழுப்பியது. நிபுணர் பின்னர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அரைவிரல் நீளமும் இல்லாத ஓர் ஈயத் துண்டு ஏன் இவ்வளவு பெரிய வழக்காயிற்று? 5.56 என்றால் அது வேறு வகைத் துவக்கு, வேறு பிரிவின் கையில் இருந்த துவக்கு. 7.62 என்றால் எல்லோரிடமும் இருந்த துவக்கு. விட்டத்தைப் பற்றி உலகம் விவாதித்தது. அன்று மூதூரில் எந்தப் பிரிவிடம் எந்த இலக்கத் துவக்குகள் இருந்தன என்ற கேள்விக்கு மட்டும் மக்கள் முன் இன்றுவரை விடை வைக்கப்படவில்லை. தண்டிக்கப்பட்டவரும் இல்லை.

உலக நாடுகளாவது இதைக் கவனித்தனவா? 1991 டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபை மரபுவழி ஆயுதங்களுக்கான பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியது. தாங்கி, கவசப் போர் வாகனம், பெரிய பீரங்கி, போர் விமானம், தாக்குதல் ஹெலிகொப்டர், போர்க்கப்பல், ஏவுகணை என ஏழு வகை. கவசப் போர் வாகனம் என்றால் என்ன என்று அதில் ஒரு வரைவிலக்கணமும் இருக்கிறது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட காலாட்படையினரை ஏற்றிச் செல்வதற்கென அமைக்கப்பட்டிருந்தாலே அது பதிவேட்டில் இடம்பெறத் தகுதி பெறும். நன்றாகக் கவனியுங்கள். நான்கு பேரை ஏற்றுகிறதா என்று கேட்டார்கள். அந்த நான்கு பேர் கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை! விரும்பினால் சிறிய ரக ஆயுதங்களையும் தெரிவிக்கலாம் என்ற அழைப்பே 2003இல்தான் வந்தது. சிறிய ஆயுதங்கள் விளைக்கும் அழிவைப் பார்த்தால் அவற்றையே பேரழிவு ஆயுதங்கள் எனலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் கொஃபி அனான் 2000ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். எழுதினார், எல்லோரும் தலையாட்டினார்கள்.

இலங்கையின் பங்கு இன்னும் சுவையானது. சிறிய ரக ஆயுதங்களின் சட்டவிரோதப் பரவலைத் தடுக்கும் ஐ.நா. செயற்திட்டத்தின் முதலாவது மீளாய்வு மாநாடு 2006 ஜூன், ஜூலை மாதங்களில் நியூயோர்க்கில் நடந்தது. தலைமை வகித்தவர் இலங்கைத் தூதுவர் பிரசாத் காரியவசம். இறுதி ஆவணம் எதுவும் இன்றி மாநாடு கலைந்தது. அது கலைந்து ஒரு மாதம் ஆவதற்குள் மூதூரில் அந்த 17 பேர் நிலத்தில் கிடந்தார்கள். 2013இல் ஆயுத வர்த்தக உடன்படிக்கை பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது இலங்கை வாக்களிக்காமல் விலகி நின்றது. பக்கத்து இந்தியாவும் அவ்வாறே விலகி நின்றது.

அரசைக் கேட்பது எளிது. தமிழ் வாசகனையும் கேட்க வேண்டியிருக்கிறது. துவக்குக்கு இனம் இல்லை. 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் விடுதலைப் புலிகளிடம் சரணடைந்தன. சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டனர். அவர்களுடைய துவக்குகள் கைமாறின. அதே ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள், சிறுவர்கள் உட்பட, புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அங்கே சுட வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. நீட்டிய துவக்கே போதுமாயிற்று. அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் 184 பேர். வாவியின் ஒரு கரையில் நின்று ஒரு பட்டியலை மட்டும் வாசிப்பவனுக்கு நீதி கேட்கும் தகுதி பாதிதான் உண்டு.

துவக்குகளின் பயணம் அத்தோடு முடியவில்லை. 2004 ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் நேற்று வரை ஒரே பாசறையில் இருந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சுட்டார்கள். அதன்பின் மட்டக்களப்பு நகரில் கைத்துப்பாக்கிகளின் காலம். பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 நத்தார் ஆராதனையின்போது மரியாள் தேவாலயத்தினுள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் கொல்லப்பட்டார். அந்தக் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை, சட்டமா அதிபர் வழக்கைக் கைவிட்ட நிலையில், 2021 ஜனவரியில் நீதிமன்றம் விடுவித்தது. 2008 மார்ச்சில் மட்டக்களப்பு உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி ஆயுதத்தைக் கீழே வைக்காமலே வாக்குக் கேட்டது. ஆயுத ஒப்படைப்பு வைபவம் மறு ஆண்டு மார்ச்சில்தான் நடந்தது. மேடையில் துவக்குகள் அடுக்கப்பட்டன, படம் பிடிக்கப்பட்டது, பத்திரிகைகளில் வந்தது. அந்தத் துவக்குகளின் இலக்கங்கள் என்ன? அவை எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தவை? யார் கொடுத்தார்கள், யார் கையெழுத்திட்டார்கள்? படத்தில் எல்லாம் தெரிந்தது, இலக்கம் மட்டும் தெரியவில்லை.

இதற்குக் கொடுத்த விலையை வவுணதீவில் பாருங்கள். 2018 நவம்பர் 30ஆம் திகதி அதிகாலை, வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டனர். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். அவர்களுடைய துப்பாக்கிகள் பறிக்கப்பட்டன. விசாரணை, வழக்கமான பாதையில், முன்னாள் போராளி ஒருவரின் வீட்டுக்குப் போயிற்று. அவர் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர்கள் உட்படப் பலர் இறந்த பின்னரே, வவுணதீவுக் கொலை சஹ்ரானின் குழுவினர் செய்தது என்பது வெளிவந்தது. பறிபோன துவக்கைப் பின்தொடர்ந்திருக்க வேண்டியவர்கள், தங்களுக்குப் பழக்கமான ஒரு முகத்தைப் பின்தொடர்ந்தார்கள். துவக்கைச் சரியாகத் தேடியிருந்தால் அந்த உயிர்த்த ஞாயிறு வேறு விதமாக விடிந்திருக்கக்கூடும் அல்லவா? இந்தக் கேள்வியை எழுப்பாத எவரும் தேசியப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

தேசியப் பாதுகாப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆயுதப் பதிவேட்டைக் கேட்டால் சொல்லப்படும் முதல் பதில் அதுதான். 1991இல் கொக்கட்டிச்சோலை முகாமில் எந்தச் சிப்பாயிடம் எந்த ரி-56 இருந்தது என்பது வெளியானால் இன்றைய இலங்கைக்கு என்ன பாதுகாப்புக் குறையும்? அந்தத் துவக்குகள் பழைய இரும்பாகிவிட்ட காலம் இது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பாதுகாப்புத் தகவல்களுக்கு விலக்களிக்கிறது, உண்மை. ஆனால் பொதுநலன் மேலோங்குமிடத்துத் தகவலை மறுக்கலாகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 67 பேரின் உயிரை விடப் பெரிய பொதுநலன் எது?

இரண்டாவது பதில், பதிவேடுகள் அழிந்துவிட்டன என்பது. நல்லது. அதை எழுத்தில் தரட்டும். எந்தத் திகதியில், யாருடைய உத்தரவின் பேரில், எந்த விதியின் கீழ் அழிக்கப்பட்டன என்று ஒப்பமிட்டுத் தரட்டும். அழித்தவரின் கையெழுத்தும் ஒரு சாட்சியமே.

மூன்றாவது பதில் நம்மவர்களிடமிருந்து வருகிறது: இதனால் என்ன ஆகப்போகிறது, சர்வதேச நீதிமன்றமே வராதபோது துவக்கு இலக்கம் என்ன செய்யும்? இந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆயினும் பொதுவாக 'இனப்படுகொலை' என்று முழங்கும் தீர்மானம் ஒன்றுக்குப் பொதுவான மறுப்பு ஒன்றைச் சொல்லி அரசு எளிதில் தப்பிவிடுகிறது. இன்ன நாள், இன்ன முகாம், இன்ன இலக்கம் என்ற கேள்விக்குப் பொதுவான மறுப்பைச் சொல்ல முடியாது. ஒன்று பதிவேட்டைக் காட்ட வேண்டும், அல்லது மறைக்கிறோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனவே கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கிறேன். ஆட்கொணர்வு மனுக்களில் தோன்றும் சட்டத்தரணிகள், உரிய நாளின் ஆயுத வழங்கல் பதிவேட்டை மன்றில் சமர்ப்பிக்கும்படி ஒவ்வொரு வழக்கிலும் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போனோர் அலுவலகம், உறவினரிடம் மரணச் சான்றிதழ் பற்றிப் பேசுவதற்கு முன் முகாம்களிடம் பதிவேடு பற்றிப் பேச வேண்டும். துணைக் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டு மீளப் பெறப்பட்ட ஒவ்வொரு துவக்கின் இலக்கமும் வெளியிடப்பட வேண்டும். புலிகள் கடத்திச் சென்ற முஸ்லிம்கள் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் குருக்கள்மடம் உட்பட, கிழக்கில் எந்தப் புதைகுழி தோண்டப்பட்டாலும் எலும்பை எண்ணுவது போலவே தோட்டாக் கோதையும் எண்ணி, அதன் அடியில் பொறித்துள்ளதை எழுதி வைக்க வேண்டும். சுட்டது எந்தத் தரப்பானாலும் சரி.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இனி எவராவது உங்களிடம் வந்து, பவலின் அடித்தகடு எத்தனை அங்குலம், பிஎம்பியின் பீரங்கி எவ்வளவு தூரம் பாயும் என்று பெருமையோடு விளக்கத் தொடங்கினால், பொறுமையாகக் கேளுங்கள். கேட்டு முடித்தபின், அதில் இருந்து இறங்கியவன் கையில் என்ன இருந்தது, அதன் இலக்கம் என்ன, அதைக் கொடுத்தவர் யார் என்று விசாரியுங்கள். மகிழடித்தீவின் 67 பேருடைய பெயர்களும் அவர்களுடைய உறவினருக்குத் தெரியும். அவர்களைச் சுட்ட துவக்குகளின் இலக்கங்கள் அரசாங்கத்துக்குத் தெரியும். இந்த இரண்டு பட்டியல்களும் ஒரே மேசையில் வைக்கப்படும் நாளில்தான் மட்டக்களப்பில் விசாரணை என்ற சொல்லுக்கு ஒரு பொருள் வரும்.